செட்டிலின் முடிவுகளைச் செட்டிலிலேயே எடுங்கள்

நார்த் யார்க்‌ஷயர் கவுன்சிலின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2023 ஏப்ரல் 1 அன்று, வட இங்கிலாந்தின் இந்தப் பகுதியிலிருந்த ஏழு மாவட்டக் கவுன்சில்களும் பழைய கவுண்டி கவுன்சிலும் இணைந்து ஒரே நிர்வாகமாயின. கிழக்கே ஸ்கார்பரோ கடற்கரையிலிருந்து மேற்கே இங்கிள்டன் மலைப்பக்கம் வரை எல்லா ஊர்களுக்கும் இப்போது பொறுப்பு உங்கள் 90 பேருடையது. அதற்கு முன் செட்டில் என்ற இந்தச் சந்தை ஊர்க்காரர்களுக்கு ஒரு குறை என்றால், ரயிலேறி ஸ்கிப்டனுக்குப் போய் கிரேவன் மாவட்டக் கவுன்சில் அதிகாரியைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நார்த்தலர்ட்டனுக்கு இங்கிருந்து நேர் ரயிலே கிடையாது. லீட்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கார் இல்லாத ஒரு முதியவருக்கு அது முழுநாள் அலைச்சல்.

இணைப்பே தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது முடிந்த கதை. இனி இந்த ஊரைப் பற்றிய முடிவுகள் எங்கே, யார் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றித்தான் என் வேண்டுகோள்.

செட்டில் சிறிய ஊர். ரிபிள் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கிறார்கள். ஊருக்கு மேலே காசல்பெர்க் என்ற சுண்ணாம்புக்கல் பாறை நிற்கிறது. 1249-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் இங்கே சந்தை கூட்டும் உரிமையை ஹென்றி டி பெர்சிக்கு வழங்கினார். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை சந்தை நாள்தான். சதுக்கத்தின் ஓரத்தில் ஷாம்பிள்ஸ் என்ற பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே வளைவு வளைவாகக் கல்வாசல்கள், ஒரு காலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்த இடம், மேலே வீடுகள். அதன் முன்னால்தான் சந்தைக் கடைகள் விரிகின்றன. சீஸ் வாங்க வருகிறவர்கள் சீஸ் வாங்கியதும் கிளம்புவதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பண்ணை கைமாறுகிறது என்று எல்லாம் அங்கேதான் பேசி முடிகிறது.

இந்த ஊருக்குத் தன் சந்தை மீது எவ்வளவு பிரியம் என்று தெரிய வேண்டுமானால் விக்டோரியா ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். 1853-இல் திறந்த இசையரங்கம் அது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஒரு மேடைத் திரை இருக்கிறது. அதில் இருப்பது புராணக் காட்சியோ அரண்மனையோ அல்ல, செட்டில் சந்தை நாள். நாடகம் பார்க்க வந்தவர்கள், திரை உயரும் வரை தங்கள் ஊர்ச் சதுக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அரங்கம் இன்றும் நடக்கிறது என்றால், கச்சேரிக்கு நாற்காலி போட்டு எடுப்பதிலிருந்து டிக்கெட் கிழிப்பது வரை உள்ளூர்க்காரர்கள் தோள் கொடுப்பதால்தான்.

லண்டனில் தொழிலாளர் கல்விக்காக 1823-இல் தொடங்கி, பின்னாளில் பர்க்பெக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் நிறுவனர் ஜார்ஜ் பர்க்பெக்கும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அதை இவ்வளவோடு விடுகிறேன். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது ரயில் பாதையின் கதை.

செட்டிலிலிருந்து கார்லைலுக்குப் போகும் பாதையை மிட்லண்ட் ரயில்வே 1869-இல் கட்டத் தொடங்கி, 1876-இல் பயணிகளுக்குத் திறந்தது. ரிபிள்ஹெட் பாலத்துக்கு மட்டும் 24 வளைவுகள். சதுப்பு நிலத்தில் குடிசை போட்டுத் தங்கி, மழையிலும் பனியிலும் வேலை செய்த தொழிலாளர்கள் கட்டியது அது. நோயிலும் விபத்திலும் மாண்ட பலர், அவர்களின் மனைவி, பிள்ளைகள் எனப் பலரும் அருகே சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

1970-இல் செட்டிலையும் ஆப்பிள்பியையும் தவிர வழியிலிருந்த சிறு நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டன. 1980-களில் முழுப் பாதைக்கும் ஆபத்து வந்தது. பாலம் பழுதாகிவிட்டது, சரிசெய்யக் கட்டுப்படியாகாது, போகிறவர்களும் குறைவு என்றது அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயில். கணக்கு அவர்கள் கையில். முடிவு எடுப்பவர்கள் இருந்தது லண்டனில். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று ரஸ்ஸப் என்ற நாயுடையது. பாதையைக் காக்கும் நண்பர்கள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரஹாம் நட்டலின் நாய் அது. டிக்கெட் எடுத்து அந்த ரயிலில் போய்வந்த பயணி என்பதால், அது பாதம் பதித்துக் கொடுத்த ஆட்சேபமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதைவிட முக்கியமான ஆள் ரான் காட்டன். பாதையை மூடும் வேலையைக் கவனிக்க பிரிட்டிஷ் ரயிலே நியமித்த மேலாளர். அவர் இங்கே வந்து மக்களோடு பழகினார், கூடுதல் ரயில்கள் விட்டார், சலுகைக் கட்டணம் வைத்தார். மூடிக்கிடந்த எட்டு நிலையங்கள் 1986-இல் மீண்டும் திறந்தன. 1983-இல் ஆண்டுக்கு 93,000-ஆக இருந்த பயணங்கள் 1989-இல் 4,50,000-ஆகின. பாலத்தைச் செப்பனிடவும் முதலில் பயமுறுத்திய தொகையைவிடக் குறைவாகவே செலவானது. 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. தூரத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. அதே கணக்கை ஊருக்கு வந்து பார்த்த ஒருவர் மாற்றிக் காட்டினார் என்பதையும் சேர்த்தே நீங்கள் கவனிக்க வேண்டும்.

அப்புறம், ஆற்றைப் பாருங்கள். 2009-இல் பழைய மில் அணைக்கட்டில் 50 கிலோவாட் நீர்மின் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. தண்ணீர் விழும் வேகத்தில் பெரிய இரும்புத் திருகு ஒன்று மெல்லச் சுழல்கிறது. பெரிய கம்பெனி யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை. சமூகச் சங்கம் ஒன்று அமைத்து, பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார்கள். அதே 2009-இல் ஆளில்லாமல் கிடந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்றும் ஓவியக்கூடமானது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே நின்று பார்க்க முடியும்! தானாக எதையும் செய்யத் தெரியாத ஊர் இல்லை இது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

செட்டிலின் சந்தை, கார் நிறுத்தக் கட்டணம், பொதுக் கழிப்பறைகள் பற்றி எந்த மாற்றம் செய்வதானாலும், முடிவெடுக்கும் கூட்டத்தைச் செட்டிலிலேயே, சந்தை நடக்கும் செவ்வாய்க்கிழமையில் வையுங்கள். கருத்துக் கேட்புப் படிவத்தை இணையத்தில் போட்டுவிட்டு, நாங்கள் கேட்டாயிற்று என்று சொல்லாதீர்கள். வாரச் சந்தைக்கு வருகிற பலர் அந்தப் படிவத்தின் பக்கமே போகமாட்டார்கள். சதுக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் அவர்களே வந்து சொல்வார்கள், தேவைக்கு மேலேயே சொல்வார்கள்.

அடுத்தது பொதுக் கட்டடங்கள். 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலிட்ட கட்டடம் விற்பனைக்கு வந்தால், வாங்க விரும்பும் ஊர்க்குழுவுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. ஆனால் ஆறு மாதம் முடிந்தபின் உரிமையாளர் யாருக்கும் விற்கலாம். சட்டம் உங்களை அதற்கு மேல் கட்டாயப்படுத்தவில்லை என்பது சரி. ஆனால் உங்கள் வசமுள்ள கட்டடங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாமே? செட்டிலில் எதையாவது விற்பதாக இருந்தால் முதலில் ஊர்க் கவுன்சிலையும் ஊர் அறக்கட்டளைகளையும் கேளுங்கள். பணம் திரட்ட ஓராண்டு கொடுங்கள். ரயில் பாதையைக் காத்து, ஆற்றில் நீர்மின் நிலையமும் தாங்களே அமைத்தவர்களுக்கு அந்த ஓராண்டைத் தரத் தயங்க வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் முழுக் கவுன்சில் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்து, உங்கள் பதிலைச் செட்டில் ஊர்க் கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செட்டில் சந்தைக்கு வந்துபோகும் ஒருவர்