குளிசைப் பெட்டியில் ஆறு புள்ளி

ஆசிரியருக்கு,

2009இல் செல்லடியில் இரு கண்களையும் இழந்தவன் என் தம்பி. "இப்ப எல்லாத்தையும் போனே வாசிச்சுச் சொல்லுதுதானே, பிரெயில் என்னத்துக்கு?" என்று கிளிநொச்சியில் பலரும் அவனிடம் கேட்கிறார்கள். பிரெயில் என்பது பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புடைத்த புள்ளி எழுத்து. சரி, போன் வாசித்துக்கொண்டே போகும்போது ளகரமா ழகரமா என்று காதுக்குத் தெளிவாகத் தெரியுமா? விரலுக்குத் தெரியும். ஆறே புள்ளிகளில் 63 வடிவங்கள். முதற்புள்ளி மட்டும் என்றால் 'அ'. தாளின் பின்பக்கமாகப் புள்ளிகளைக் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதுவான், தாளைத் திருப்பி இடமிருந்து வாசிப்பான். வீட்டில் சீனிப் போத்தலிலும் உப்புப் போத்தலிலும் அவன் குத்திய துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஆனால் பிரஷர் குளிசை எது, சீனி வருத்தக் குளிசை எது என்றறிய மகளைத்தான் கூப்பிடுகிறான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியில் பிரெயில் சட்டப்படி கட்டாயம். இங்குள்ள பாமசிகளாவது ஒரு புள்ளித்துண்டு ஒட்டித் தந்தால் என்ன?

ஒரு வாசகர்,
கிளிநொச்சி