பெடல் தரையைத் தொட்ட காலை

அல்சூர், பெங்களூரு
செவ்வாய் இரவு

அன்புள்ள ரங்கா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது, தீர்ந்தது, பாட்டிலைக்கூடக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டிக்கொள். கோமதிக்கு முழங்கால் தேவலை, மாடிக்கு ஏறி இறங்குகிறாள். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நாணா சொன்னான். அவன் சொல்வதில் பாதிதான் உண்மை, அந்தப் பாதி இதுவாக இருக்கட்டும்.

இனி விஷயம். படித்து முடித்ததும் தொலைபேசியை எடுக்காதே. கோமதி பக்கத்திலேயே இருப்பாள். அவளுக்கு இது தெரியாது, மகளுக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை பேரனை அப்பாவின் பழைய பியட் காரில் ஏற்றிக்கொண்டு நந்தி மலைக்குப் போனேன். பள்ளி விடுமுறை. "தாத்தா, புது எஞ்சினைக் காட்டு" என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். காட்ட வேண்டும் என்ற ஆசை அவனைவிட எனக்குத்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஹெப்பாள் தாண்டி விமான நிலையச் சாலையில் ஏறியதும், புது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போ சீறும் பார், குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன் வருமே, அதே சீறல். அப்பா 1978-இல் வாங்கிய வண்டி. அன்றைய எஞ்சின் 1089 சி.சி., நாற்பது சொச்சம் குதிரைத்திறன். வாலாஜா தாண்டுவதற்குள் இரண்டு முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்ட வண்டி. அதே வண்டி இப்போது லாரிகளை எல்லாம் நின்ற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. நாங்கள் மலை ஏறியதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மேலே வெள்ளை மேகம், சூடான டீ, பேரனுக்கு ஒரு சோளக்கதிர்.

வந்த வினை இறங்கும்போது வந்தது.

இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே சின்ன நேர்பாதை வரும் அல்லவா, பழைய எஞ்சின் என்றால் அதற்குள் வேகம் எடுக்கவே நேரம் இருந்திருக்காது. இது முள்ளை எழுபதுக்குக் கொண்டுபோய்விடும். வளைவு வந்ததும் நான் பிரேக்கை மிதிப்பேன், மறுபடி முடுக்குவேன், மறுபடி மிதிப்பேன். பின்னால் பேரன் ஒவ்வொரு தடவையும் கத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஓட்டினேன் ரங்கா. அறுபத்து மூன்று வயதுக் கிழவன், ஒன்பது வயதுப் பையனின் கைத்தட்டலுக்காக.

ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. அடுத்ததில் பஞ்சை மிதித்தது போல் இருந்தது. அதற்கடுத்ததில் பெடல் நேராகப் போய்த் தரையைத் தொட்டது, அடியில் ஒன்றுமே இல்லை. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வயிற்றில் ஒன்று பிடிக்குமே, அது.

அதே நேரம் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சைக்கிள்கள் மேலே ஏறி வந்தன. முன்னால் வந்தவள் ஆரஞ்சு நிற பனியன் போட்ட சின்னப் பெண். மூச்சு வாங்கத் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. ஹார்னை அழுத்தினேன். மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியர், எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் பேருக்குத்தான் பிடித்தது. ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கமாக ஒடித்தேன். இடது சக்கரங்கள் மழைநீர்க் கால்வாயில் இறங்கி, வண்டியின் விலா கல்லில் உரசிக்கொண்டே போய் நின்றது. அந்தப் பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது.

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்து, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கன்னடத்தில் கேட்டாள். தன் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். என் கை நடுங்கித் தண்ணீர் கொஞ்சம் முன்சக்கரத்தின் மேல் சிந்தியது. தோசைக்கல்லில் தெளித்தது போலச் சுர்ரென்று ஆவியாகிப் போனது. ரப்பர் செருப்பைக் கொளுத்திய நாற்றம். அது இன்னும் என் சட்டையில் இருக்கிறது, இரண்டு முறை துவைத்தும்.

பேரன் பின்சீட்டில் இருந்தான். குழந்தைகளைப் பின்னால்தான் உட்காரவைக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவன் போல அவனை அங்கே உட்காரவைத்தேன். முன்சீட் இரண்டுக்கும் புது பெல்ட் போட்டிருக்கிறேன். பின்னால் அப்பா வாங்கிய நாளிலிருந்தே பெல்ட் கிடையாது, நானும் போடவில்லை. முன்சீட்டின் இரும்புச் சட்டத்தில் முட்டி நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். வீட்டுக்கு வரும் வழியில் அவனாகவே சொன்னான்: "ஊஞ்சலில் இடித்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் தாத்தா." அப்படியே சொன்னான். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான். அந்த வீக்கத்தைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியை ஜாக்கியில் ஏற்றி நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். நான் முப்பத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஒரு மயிரிழை கூடியிருந்தால் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பியவன். 'சிவப்புச் சீட்டு சீனிவாசன்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அதில் எனக்குப் பெருமை வேறு. அந்த ஆள் தன் சொந்த வண்டியில் என்ன வைத்திருந்தான், கேள்.

பிரேக்: நான்கு சக்கரத்திலும் அப்பா காலத்து டிரம்தான், சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணத்தை உள்ளிருந்து லைனிங் அழுத்திப் பிடிக்கும் ஜாதி. ஒரே குழாய் வழி, ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று எனக்கே நினைவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் சரக்கு. நான் ஊற்றியிருந்தது டாட்-3 என்ற ரகம். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பெடல் தரைவரை போனது அதனால்தான். போதாததற்கு டிரம்மும் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகிப் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 400 மீட்டர் உயரம் இறங்கும் வண்டி, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து முறை அடுத்தடுத்து நின்றால் எவ்வளவு சூடு பிறக்குமோ அவ்வளவைக் கரைத்தாக வேண்டும். எடை எதுவானாலும் கணக்கு இதுதான். தாழ்ந்த கியரில் நிதானமாக வந்தால் பெரும்பங்கை எஞ்சினே தாங்கும். நான் எஞ்சினைக் கொண்டு சூட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டயர்: பூ நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்குமே, 1514. 2014-ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். ரப்பர் கெட்டித்து, விரல் நகம் இறங்கவில்லை. பெட்ரோல் குழாய்: இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. வளைத்துப் பார்த்தால் பாம்புச் சட்டை போல் வெடிப்பு. அதற்கு ஒரு சாண் தள்ளி டர்போ கொதித்துக்கொண்டிருக்கிறது. தீயணைக்கும் உருளை வீட்டுச் சமையலறையில் இருக்கிறது.

எஞ்சின் எவ்வளவு பவர் என்று கேட்பாய். 120 என்று ஷெட்காரர் சொன்னார். நான் அளந்து பார்க்கவில்லை. நான்!

போன ஆவணியில் தொலைபேசியில் உன்னிடம் வீரம் பேசினேனே, மழையில் ஹெப்பாள் மேம்பாலத்தில் வால் வீசியது, நான் பிடித்து நிறுத்தினேன் என்று. அது வீரம் இல்லை. டர்போ கால் வைத்த உடனே இழுப்பதில்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டு, வளைவின் நடுவில் மொத்தமாக வந்து இறங்குகிறது. பின்னால் இருப்பதோ லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் கட்டிய பழைய அச்சு. முறுக்கிக்கொண்டு துள்ளுகிறது. அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அதை நான் திறமை என்று எழுதிக்கொண்டேன்.

நீ இப்போது தலையை ஆட்டிக்கொண்டு படிப்பது தெரிகிறது. நீ மட்டும் யோக்கியனா? உன் ஹெரால்டு கார் திருமழிசை வயலில் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்ததற்கு எருமை சாட்சி. வளைவில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டாய், அந்த வண்டியின் பின்சக்கரம் உள்ளே மடங்கும் ஜாதி, மடங்கியது. நீ கடைசிவரை எருமை குறுக்கே வந்தது என்றுதான் சொன்னாய். எருமை வரப்பில் படுத்திருந்தது.

அந்த நாட்களையே நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோழவரம் ஓடுதளத்தில் பிப்ரவரி வெயிலில் நின்று பந்தயம் பார்த்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் நாமே பந்தயக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வோம். அங்கே கொடி காட்ட ஆள் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, எதிரே லாரி வராது, ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தது சத்தத்தை மட்டும்.

பாலுவின் வண்டிக்கு இரட்டை கார்புரேட்டர் மாட்டியது நாம் இருவரும்தான். ஒரு ராத்திரி முழுக்க உன் வீட்டுத் திண்ணையில். விடிந்ததும் அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பறக்கிறதடா" என்றான். பிரேக்கை நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து நடந்ததற்கு லாரிக்காரனைக் குற்றம் சொன்னோம். நாற்பது வருடத்துக்கும் மேலாக அதையே சொல்லிவருகிறோம். லாரிக்காரன் மேல் தவறு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெடல் எவ்வளவு தூரம் போனது என்று நமக்குத் தெரியாது. வியாழக்கிழமை என் கால் தரையைத் தொட்டபோது முதலில் எனக்கு பாலுவின் முகம்தான் வந்தது, பேரன் முகம்கூட இல்லை. இதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பதற்கு முன். ஆர்.சி.யில் இன்னும் பழைய எஞ்சின் எண்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பலமுறை படித்தவன்தான், அனுமதி வாங்காமல் மாற்றினேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. அபராதம் கிடக்கட்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் நான் எதையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை இடித்திருந்தால் அவள் வீட்டார் எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறியிருப்பார்கள்? இன்னொரு வேடிக்கை: 2021-இல் வந்த விதியின்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்று தனிப் பதிவு எண் தருகிறார்கள், கட்டணம் 20,000. என் பியட்டுக்கு 2028-இல் ஐம்பது. ஆனால் எஞ்சினையோ சேசிஸையோ மாற்றிய வண்டிக்கு அந்த மரியாதை இல்லை. அப்பா வைத்திருந்தபடியே விட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்கா அருகே கூடும் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், என் கதை என்று சொல்லாமல். ஒருவன் பழைய காண்டெஸா காரில் மூன்று லிட்டர் ஜப்பான் எஞ்சினைப் போட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வேறு கட்டியிருக்கிறான். பாதுகாப்புக்காம். ஹெல்மெட் இல்லாமல் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் தலை முதலில் போய் மோதுவது அந்தக் குழாயில்தான் என்றேன். "அங்கிள், நீங்கள் பழைய காலம்" என்றான். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மாலை சில்க் போர்டில் மாட்டிக்கொண்டால் மாட்டுவண்டி முந்திப் போகும். முந்நூறு குதிரையைக் கட்டிக்கொண்டு எங்கே போகப் போகிறான் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான். என் கதை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பான். சொல்ல வாய் வரவில்லை.

இப்போது உன் உதவி வேண்டும். ஸ்டீயரிங்கில் சிவப்புச் சீட்டு ஒன்றை எழுதிக் கட்டிவிட்டேன். உன் சிரிப்பு கேட்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டர், புது ரேடியல் டயர், பின்சீட்டுக்குத் தரைத் தகட்டில் பட்டை வைத்து வெல்டு செய்த பெல்ட், இவை முடியும்வரை வண்டி கேட்டைத் தாண்டாது. டர்போவைக் கழற்றியாயிற்று. எஞ்சினுக்கு அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். மறுத்தால் பழைய எஞ்சின் பரணுக்கு அடியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. ஜே.சி. ரோட்டில் பாதிச் சாமான் கிடைத்துவிட்டது. பின் டிரம் இரண்டும் கோணிப் போயிருக்கின்றன. இங்கே எவனையும் நான் நம்பவில்லை, உன் லேத்தில் நீயே கடைந்து கொடு. உள்விட்டம் எல்லையைத் தாண்டுகிறது என்றால் கடையாதே, தூக்கிப் போட்டுவிட்டுச் சொல். மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் வேகும். எல்லாம் சரியானால் லாரியில் ஏற்றி உன் ஊருக்குக் கொண்டுவருகிறேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு நாள் இடம் கிடைத்தால், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும் அந்த வண்டி. நீ ஓட்டு. நான் கொடி பிடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அவளிடம் நானே சொல்லிவிடுவது என்று இருக்கிறேன், பேரன் எதிரிலேயே. ஊஞ்சல் பொய்யை அவன் தலையில் விட்டுவைக்க முடியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நீ தாராளமாகத் தொலைபேசியில் கூப்பிடலாம். கோமதி எடுத்தால் அவள் குரலிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

உன்,
சீனு

டிரம்களோடு உன் ஊறுகாய்ப் பாட்டிலையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். காலியாக இல்லை, கோமதி மாகாளிக்கிழங்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்திருக்கிறாள். டிரம்மை எடுக்கும்போது பார்த்து எடு.