எங்கள் சாரணியர் குழுவின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், குழுவை நடத்தும் கேப்டன் மிஸ்ஸுக்கும், பெற்றோர்களுக்கும், முன்வரிசையில் நீலச் சீருடையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குழு எப்படி நடந்தது என்பதைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 26 பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது 31 பேர். எல்லோரும் 10 முதல் 14 வயதுக்குள். மல்லிகை, தாமரை, செம்பருத்தி, சூரியகாந்தி என்று நான்கு அணிகள். மதுரை புதூரில் நாம் வழக்கமாகக் கூடும் மைதானத்து வேப்பமரத்தடியில், சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 5.30 வரை கூட்டம். 52 சனிக்கிழமைகளில் 41 கூட்டங்கள் நடந்தன. தேர்வுக்காக ஆறும், மழையால் மூன்றும், பண்டிகைக்காக இரண்டும் விட்டுப்போயின.

26 பேர் 31 ஆனார்கள் என்று சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில், ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஒன்பது பேர் மட்டும் வந்தார்கள். அதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

அதற்கு முன் சித்திரைத் திருவிழா. ஏப்ரல் 22, எதிர்சேவை நாள். மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு, மக்கள் புதூர் வழியாகத் தல்லாகுளம் நோக்கி வரும் பாதையில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். பேப்பர் கப் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர்தான் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அப்படியென்றால் கழுவ ஆள் வேண்டுமே! ஓர் அணி ஊற்ற, ஓர் அணி கழுவ, ஓர் அணி நிழலில் இளைப்பாற, ஓர் அணி தண்ணீர் கொண்டுவர என்று மணிக்கொரு முறை மாற்றிக்கொண்டார்கள். வெயிலில் யாரும் மயங்கி விழவில்லை என்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம். மோருக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிக் கொடுத்த பாட்டிமார்களுக்கு நன்றி.

சரி, ஜூலைக்கு வருகிறேன். ஜூன் கடைசியிலிருந்தே வருகை குறைந்துகொண்டு வந்தது. டியூஷன், வீட்டுப்பாடம், விருந்தாளி என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்தது. நாங்களும் நம்பினோம். ஒன்பது பேர் வந்த அன்று கேப்டன் மிஸ் கூட்டத்தை நிறுத்திவிட்டு, கௌரவ மன்றத்தைக் கூட்டினார். புதிய பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்: அணித் தலைவிகளும் துணைத் தலைவிகளும் உட்கார்ந்து குழுவின் காரியங்களை முடிவு செய்யும் இடம் அது. பெரியவர்கள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். நம் குழுவில் அந்த மன்றம் பேருக்குத்தான் இருந்தது. கூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அன்று சூரியகாந்தி அணித் தலைவி சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “ஆன்ட்டி, வாரம் முழுக்க ஸ்கூல்ல உட்கார்ந்து கேக்குறோம். இங்கயும் உட்கார்ந்து கேக்கச் சொல்றீங்க.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது ஆழமாகப் பட்டது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கொடியேற்றம், பிரார்த்தனை, சீருடைச் சோதனை, அப்புறம் பெரியவர்களில் ஒருவர் முக்கால் மணி நேரம் உரை, கொடியிறக்கம். நான்கு வாரம் தொடர்ந்து இப்படியே இருந்தது. அந்த உரைகளில் இரண்டு நான் ஆற்றியவை. தவறு எங்களுடையது.

மன்றத்தில் பிள்ளைகள் எடுத்த முடிவு இது: 90 நிமிடத்தில் கொடிக்கும் பிரார்த்தனைக்கும் அறிவிப்புக்கும் 20 நிமிடம் போக, மீதி நேரத்தை வாரம் ஓர் அணி திட்டமிட வேண்டும். இரண்டு விளையாட்டு, ஒரு கைவேலை அல்லது பயிற்சி, முடிவில் பாட்டு. திட்டத்தை வியாழக்கிழமைக்குள் ஒரு தாளில் எழுதி கேப்டன் மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். அவர் பாதுகாப்பை மட்டும் பார்ப்பார். பெரியவர்கள் பேச வேண்டுமென்றால் ஐந்து நிமிடம்.

முதல் வாரம் தாமரை அணி நடத்தியது. விளையாட்டு நீண்டுபோய், பயிற்சிக்கு நேரமே இல்லாமல், 6 மணிக்குத்தான் கொடியிறக்கினோம். குறுக்கே புகுந்து சரிசெய்ய எனக்குக் கை பரபரத்தது. கேப்டன் மிஸ் கண்ணாலேயே தடுத்தார். மறுவாரம் மல்லிகை அணி ஒரு பழைய அலாரக் கடிகாரத்தோடு வந்தது. நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கடிகாரம் வந்திருக்காது.

ஆகஸ்டில் செம்பருத்தி அணி நடத்திய கிம் விளையாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு தட்டில் 24 பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, துணியால் மூடிவிட வேண்டும். நினைவிலிருந்து எழுத வேண்டும், 16 எழுதினால் தேர்ச்சி. பருப்புமத்து, தாயக்கட்டை, பூத்தொடுக்கும் வாழைநார், சைக்கிள் வால்டியூப் என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக வாயே திறக்காமல் இருந்த ஒரு பிள்ளை 21 எழுதினாள். இப்போது அவள்தான் அந்த அணியின் துணைத் தலைவி.

செப்டம்பரில் மரத்தின் உயரம் அளந்தார்கள். 1.40 மீட்டர் உயரமுள்ள பிள்ளையை மரத்தடியில் நிறுத்தி, தூரத்திலிருந்து ஒரு குச்சியைக் கை நீட்டிப் பிடித்து, குச்சியின் நுனி அவள் தலைக்கும் கட்டைவிரல் அவள் காலுக்கும் நேராக வரும்படி வைத்துக்கொண்டு, மரத்தில் அந்த அளவு எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணினால் போதும். நம் வேப்பமரத்தில் ஆறு முறை அடங்கியது, ஆக சுமார் 8.4 மீட்டர். கணக்கென்றால் ஓடும் பிள்ளைகள் மைதானத்துச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம் என்று எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

முதலுதவிப் பயிற்சி அக்டோபரில். கழுத்து ஸ்கார்ஃபை விரித்துக் கைத்தொட்டில் கட்டுவது, இரண்டு கம்பும் போர்வையும் கொண்டு ஸ்ட்ரெச்சர் செய்வது, தீக்காயத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. பத்து நாள் கழித்து நம் பிள்ளை ஒருத்தியின் தம்பி மேல் சுடுகஞ்சி கொட்டிவிட்டது. வீட்டில் பேஸ்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். இவள் தம்பியின் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, “இருபது நிமிஷம் ஆகட்டும், யாரும் எதுவும் தடவாதீங்க” என்று நின்றிருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கை நன்றாக ஆறிவிட்டது. அந்தத் தாய் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் 7 இயக்கத்தின் நிறுவன நாள். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவான நாள். அதை எளிமையாகக் கொண்டாடினோம். அந்த மாதமே ஒத்தக்கடையிலிருந்து நடந்து யானைமலைக்குப் போனோம். முன்னால் போன அணி கல்லாலும் குச்சியாலும் தடக்குறிகள் இட்டுச் செல்ல, மற்றவர்கள் அதைப் பார்த்து வந்தார்கள். தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு முன்னால் யாரும் சொல்லாமலே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது மற்றவர்கள் போட்டிருந்த குப்பையில் மூன்று சாக்கு பொறுக்கி வந்தார்கள்.

இனி முகாம். அரையாண்டு விடுமுறையில், பொய்கைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரண்டு இரவு. நம் குழு பிள்ளைகளை இரவு தங்க அழைத்துப்போவது இதுதான் முதல் முறை. முதலில் ஐந்து வீட்டில்தான் சம்மதித்தார்கள். நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாமார்களை அந்தத் தோப்புக்கே கூட்டிப்போனோம். அவர்கள் கேட்டது மூன்றே கேள்விகள்தான். கழிப்பறைக் கதவு சாத்துமா? மாதவிடாய் வந்தால் என்ன செய்வார்கள்? ராத்திரி யார் விழித்திருப்பார்கள்? கேட்டது நியாயம். இரண்டு கழிப்பறைக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டோம், வெளியே ஒரு பல்பு, உள்ளே மூடியுள்ள வாளி, நாப்கின், சுற்றிப்போடப் பழைய பேப்பர். ஆறு பெண்கள் உடன் தங்கினோம், முறைவைத்து இரண்டு இரண்டு பேர் விழித்திருந்தோம். சம்மதம் ஐந்திலிருந்து 19 ஆனது. இந்த ஆண்டுச் செலவிலேயே மிகவும் பயன்பட்டது அந்த இரண்டு தாழ்ப்பாளுக்குக் கொடுத்த 340 ரூபாய்தான் என்பது என் கருத்து.

கிளம்புவதற்கு முந்தின இரவு 9 மணிக்கு, பேசிவைத்திருந்த வேன் வராது என்று தகவல் வந்தது. முன்பணம் கொடுத்திருந்தும் இப்படி ஆனது வருத்தம்தான். தாமரை அணித் தலைவிதான், “அழகர்கோவில் டவுன் பஸ்ல போயிட்டு அங்கிருந்து நடப்போம்” என்றாள். மூட்டைகளை ஒரு தகப்பனார் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். பஸ்ஸில் பாடிக்கொண்டே போனார்கள்.

முதல் நாள் இரவுச் சோறு நறுக்கரிசியாக இருந்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். மறுநாள் அணிக்கு ஓர் அடுப்பு. கங்கில் புதைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு, கொய்யாக் குச்சியில் கோதுமை மாவைச் சுற்றி வாட்டிய ரொட்டி என்று பாத்திரமே இல்லாமல் ஒரு வேளை. குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சில் தொடங்கி அதே முடிச்சிலேயே முடிக்கும் சதுரக் கட்டால் கம்புகளைச் சேர்த்துக் கட்டி, தட்டு வைக்க ஓர் அடுக்கும், செருப்புக்கு ஒரு ஸ்டாண்டும் செய்தார்கள். மூன்று நாளும் அந்தக் கட்டு அவிழவில்லை. இரண்டாம் இரவு, தீயைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு அணியும் சாரணியர் விதிகள் ஒன்பதில் ஒன்றை நாடகமாக நடித்தது. வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்த இரண்டு சின்னப் பிள்ளைகள் அப்போதுதான் சிரித்தார்கள்.

பிப்ரவரி 22 சிந்தனை நாள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், அவர் மனைவி ஒலேவ் இருவருடைய பிறந்தநாளும் அதுவே. இந்த முறை சனிக்கிழமையாக அமைந்தது. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பே இல்லாமல் சிறுமிகள் வந்து நின்று, எங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டு பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் இதைச் சொன்னேன். மல்லிகை அணியில் ஒருத்தி எழுந்து, “அப்போ கேட்டதாலதான் கிடைச்சதா ஆன்ட்டி?” என்றாள். ஆமாம் என்றேன். அன்று எட்டுப் புதிய பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். மூன்று மாதப் பயிற்சி முடித்தவர்கள்.

கணக்கு: முன்னிருப்பும் சந்தாவும் நன்கொடையும் முகாம் கட்டணமும் சேர்ந்து வரவு 53,270 ரூபாய். செலவு 44,250. கையிருப்பு 9,020. பொருளாளர் விவரம் வாசிப்பார். ஐந்து பிள்ளைகளுக்குச் சீருடை சங்கமே எடுத்தது. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சீருடையைத் துவைத்துக் கொடுத்தால் அடுத்தவருக்கு உதவும். அதற்கான பெட்டி அறை வாசலில் இருக்கிறது.

பொதுக்குழுவிடம் இரண்டு வேண்டுகோள். கேப்டன் மிஸ் ஒருவரே எல்லாம் பார்க்கிறார். தாய்மார்களில் இருவர் சாரணியர் தலைவிக்கான அடிப்படைப் பயிற்சிக்குப் போக முன்வர வேண்டும், செலவைச் சங்கம் ஏற்கும். அடுத்து, அக்காமார்களைப் பார்த்தபடி சுவரில் உட்கார்ந்திருக்கும் ஏழு தங்கச்சிகள் இருக்கிறார்கள். 10 வயது ஆகாதவர்கள். அவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கான நீலப்பறவையர் பிரிவு ஒன்றை ஜூனில் தொடங்க அனுமதி வேண்டும்.

வரும் சனிக்கிழமைக் கூட்டத்தைச் செம்பருத்தி அணி நடத்துகிறது. திட்டத் தாள் வந்துவிட்டது. கடைசிப் பதினைந்து நிமிடம் பாட்டு என்று போட்டிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் 5.10க்கே வந்து வாசலில் ஹாரன் அடிக்காமல், 5.30க்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்