அந்த ஏரியின் அடியில் ஓர் ஊர் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிரான்சின் தென்பகுதிக்குச் செல்லும் நம்மவர்களுக்காக வெளியாகியிருந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நீஸ் நகரிலிருந்து காலையில் புறப்பட்டு வெர்தோன் பள்ளத்தாக்கு, மலைக்கிராமங்கள், சேன்த் குருவா ஏரி ஆகியவற்றை வழிகாட்டியுடன் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பும் ஒரு நாள் பயணத்தைக் கட்டுரையாளர் மனம் நிறையப் பரிந்துரைத்திருந்தார். கடந்த ஆண்டு மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நானும் என் மனைவியும் அதே பயணத்தை மேற்கொண்டோம் என்பதால், அந்தப் பரிந்துரையை முழு மனத்துடன் வழிமொழிகிறேன். ஆனால், அந்த ஏரியை இயற்கையின் கொடை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பிழை. சேன்த் குருவா ஓர் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். 1973-74ஆம் ஆண்டுகளில் அதில் நீர் நிரப்பப்பட்டபோது லே சால் என்ற ஊர் முழுவதுமாக அழிக்கப்பட்டு நீருக்கடியில் போனது. இந்தச் செய்தி விடுபட்டதைச் சிறிய விஷயமாக எண்ணி என்னால் கடந்துபோக முடியவில்லை. அதற்கான காரணத்தை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பயணம் எட்டுப் பேர் அமரும் வேனில் தொடங்கியது. ஓட்டுநரே வழிகாட்டி. நறுமணத் தைலங்களுக்குப் பேர்போன கிராஸ் நகரைக் கடந்து, 1815 மார்ச் மாதத்தில் எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியன் தன் சிறு படையுடன் வடக்கு நோக்கி நடந்த அதே மலைவழியில் ஏறி, காஸ்தெல்லான் என்ற சிற்றூரை அடைந்தோம். ஊரின் தலைக்கு மேல் ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒற்றைப் பாறையும், அதன் உச்சியில் இருக்கும் மாதா கோயிலும் நம் ஊர்ப்பக்கத்து மலைக்கோயில்களை நினைவூட்டின. வளைவுகள் மிகுந்த பாதை அது. வயிற்றைப் புரட்டும் இயல்புள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

காஸ்தெல்லானுக்குப் பிறகு வெர்தோன் ஆறு பாறைக்குள் நுழைகிறது. ஆல்ப்ஸ் மலையில் பிறந்து துய்ரான்ஸ் ஆற்றில் கலக்கும் இந்த ஆறு, இங்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் பள்ளத்தின் ஆழம் 700 மீட்டர். ரூகோன் கிராமத்துக்குக் கீழே உள்ள காட்சிமுனையில் நின்று குனிந்து பார்த்தபோது, பச்சையும் நீலமும் கலந்த ஒரு நூல் போலத்தான் ஆறு தெரிந்தது. அந்தப் பாறைச் சுவர்களிலிருந்து அற்றுப்போயிருந்த பாறுக் கழுகுகளை 1999ஆம் ஆண்டு முதல் மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் கண்மட்டத்துக்கும் கீழே, சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், அவை வட்டமிட்டு மேலேறி வந்தன. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் படித்திருந்த எனக்கு அக்காட்சி நெகிழ்ச்சியாக இருந்தது.

வழிகாட்டி நல்லவர், பொறுமைசாலி. 1905 ஆகஸ்டில் எதுவார் மார்த்தெல் என்ற ஆய்வாளர் குழுவினருடன் இப்பள்ளத்தாக்கை முதன்முதலாக முழுமையாகக் கடந்த கதையை அவர் சுவையாகச் சொன்னார். அந்தக் குழுவில் ரூகோன் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளான் இருந்ததையோ, அதற்கு வெகுகாலம் முன்பே சுற்றுவட்டாரத்து மரம்வெட்டிகள் பிழைப்புக்காக இந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியதையோ அவர் சொல்லவில்லை. ஏரிக்கு மேலே நான்கு கோபுரக் கோட்டையுடன் நிற்கும் எகீன் கிராமத்தார், பள்ளத்தாக்கின் சரிவுகளில் வளரும் பாக்ஸ்வுட் மரத்தின் கெட்டியான வேர்க்கட்டைகளை வெட்டிச் சுமந்துவந்து, கடைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஆணிகளை நெருக்கமாக அறைந்து, பிரான்ஸ் மக்கள் மண்தரையில் உருட்டி விளையாடும் பந்துகளைச் செய்து விற்றவர்கள். உலோகப் பந்துகள் வந்த பிறகு அத்தொழில் மங்கிவிட்டது. எங்கள் வேன் அந்தக் கிராமத்தில் நிற்கவே இல்லை. சன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான் முடிந்தது.

மூஸ்தியே சேன்த் மரியில் மட்டும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. இரண்டு குன்றுகளுக்கு இடையே கட்டிய சங்கிலியில் ஒரு விண்மீன் தொங்கும் ஊர் அது. சிலுவைப்போரில் சிறைப்பட்டு மீண்ட வீரன் ஒருவனின் நேர்த்திக்கடன் அது என்பது ஊர்வழக்கு. வெள்ளைப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டிச் சுடும் பீங்கான் போன்ற மண்பாண்டங்களுக்கு 17ஆம் நூற்றாண்டு முதல் பெயர் பெற்ற அவ்வூரில், 19ஆம் நூற்றாண்டில் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்துபோய், 1920களில்தான் தொழில் மீண்டும் துளிர்த்தது. தட்டு ஒன்றின் விலையைக் கேட்ட என் மனைவி அதை வைத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டார். ஆனாலும் ஒரு பட்டறையில் இளம்பெண் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு, தட்டின் விளிம்பில் நீலக்கோடு ஒன்றை ஒரே இழுப்பில் இழுத்து முடித்ததைப் பார்த்தபடி அங்கேயே நெடுநேரம் நின்றார்.

அதன் பிறகுதான் ஏரி. ஆறு பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறி ஏரியில் விழும் இடத்தில் கலெத்தா பாலம் இருக்கிறது. மிதிபடகும் துடுப்புப் படகும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பெட்ரோல், டீசல் இயந்திரப் படகுகளுக்கு ஏரியில் அனுமதி இல்லை என்பதால் நீரில் எண்ணெய்ப் படலமோ காற்றில் இரைச்சலோ இல்லை. கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. நீருக்கும் புதருக்கும் நடுவே, எதிர்க்கரை நெடுகிலும், புல் பூண்டு இல்லாத வெளிறிய கல்பட்டை ஒன்று அளந்து வைத்தாற்போல் ஒரே மட்டத்தில் ஓடியது. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். திறந்தும் மூடியும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தேக்கத்தின் கரையில்தான் அப்படிப்பட்ட பட்டை விழும். வழிகாட்டியிடம் சென்று, "இது எந்த ஆண்டு கட்டிய அணை?" என்று கேட்டேன். மலைப்பனி உருகித் தேங்கிய ஏரி என்று அவர் விடையளித்தார். அவர் வேண்டுமென்றே மறைத்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் மருமகனின் உதவியுடன் தேடிப் படித்தேன். 95 மீட்டர் உயரமுள்ள வளைவு அணை அது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 2,200 ஹெக்டேர், கொள்ளளவு ஏறத்தாழ 76 கோடி கன மீட்டர். நம் கணக்கில் 27 டி.எம்.சி. என்று வைத்துக்கொள்ளலாம், மேட்டூரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் பிரொவான்ஸ் பகுதி நகரங்களின் குடிநீருக்கும் வெர்தோன் நீர் பயன்படுகிறது. 2022ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் ஏரியின் மட்டம் பல மீட்டர் இறங்கி, பள்ளத்தாக்கின் வாய்க்குள் படகுகள் நுழைய முடியாமல் போயிருக்கிறது. தென்கரையில் ஃபோந்தேன் லெவெக் என்ற மிகப்பெரிய ஊற்று பாறையிலிருந்து பீறிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் இன்று ஏரிக்கடியில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் நடுவே வயல்களும் மரங்களும் சூழ இருந்த லே சால் கிராமத்தார் பல ஆண்டுகள் எதிர்த்துப் பார்த்தும் பயனில்லாமல் போயிற்று. வீடுகளையும் தேவாலயத்தையும் வெடிவைத்துத் தகர்த்துத் தரைமட்டமாக்கிய பிறகே அந்த இடத்தை நீர் மூடியது. கல்லறைகளைக்கூடத் தோண்டி எடுத்து மேட்டுக்கு மாற்றினார்கள். அதே பெயரில் மேட்டில் ஒரு புதிய ஊரும் கட்டப்பட்டது.

இரண்டு வாரங்கள் கழித்து மருமகன் எங்களைத் தம் காரில் அங்கே அழைத்துச் சென்றார். கலெத்தா பாலத்திலிருந்து கால் மணி நேரத் தொலைவுதான். பக்கத்துக் கிராமங்களில் சந்துகள் வளைந்து நெளிந்து, ஒரு சுவரின்மேல் இன்னொரு சுவர் சாய்ந்து நிற்க, இங்கே எல்லா வீடுகளுக்கும் ஒரே வயது. பழைய ஊரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த நீர்த்தொட்டியைக் கண்டதும் அருகில் சென்று நின்றேன். குடம் குடமாய் நீர் மொண்ட கைகள் உராய்ந்து அதன் கல்விளிம்பு நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. புது ஊரின் மற்றக் கற்கள் எதிலும் அந்தத் தேய்மானம் இல்லை. ஒரு கடையில் பழைய ஊரின் கறுப்பு வெள்ளை அஞ்சலட்டை கிடைத்தது. மரவரிசைக்குப் பின்னால் ஓட்டுக்கூரைகளும் தேவாலய மணிக்கூண்டும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. கடைக்கார அம்மையார் அந்த அட்டையைக் கையில் எடுத்து, பிறகு கடைவாசல் வழியே தெரிந்த ஏரியை நோக்கி விரலை நீட்டினார். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது கொளத்தூர்ப் பக்கம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீருக்கடியில் போன காவிரிக்கரை ஊர்களில் ஒன்றிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் மேடேறி வந்தவர் என் பாட்டி. நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். பாட்டி உயிரோடு இருந்தவரை அந்தச் செய்தி காதில் விழுந்த உடனே பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். லே சால் மக்களுக்கு அந்த ஆறுதல்கூட வாய்க்கவில்லை. நீர் எவ்வளவு இறங்கினாலும் அங்கே தலைகாட்டுவதற்கு ஒரு சுவரும் மிச்சம் வைக்கப்படவில்லை. அணையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அணைகளின் நீரை அளந்துவிட்ட சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். யாருடைய வீட்டுக்கு மேலே படகு விடுகிறோம் என்பதை, படகுக்குக் காசு கொடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தமிழ்நாட்டிலிருந்து குழுக்களை அழைத்துச் செல்லும் பயண நிறுவனங்கள் இதை எளிதாகச் செய்யலாம். காட்சிமுனைகளில் ஐந்து இடங்களுக்குப் பதிலாக மூன்றில் நிறுத்தினால், எகீனில் அரை மணி நேரமும் லே சாலில் ஒரு மணி நேரமும் கிடைத்துவிடும். மூன்றாவது காட்சிமுனைக்குப் பிறகு எங்கள் வேனில் பாதிப் பேர் கீழே இறங்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதனுடன் சேர்த்து மற்றொன்று. இந்தப் பயணத்துக்கான விளம்பரங்களில் வலென்சோல் மேட்டுநிலத்து ஊதா நிற லாவண்டர் வயல்களின் படத்தைப் போடுகிறார்கள். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான் அந்தப் பூக்களை முழு நிறைவுடன் பார்க்கலாம். நாங்கள் சென்ற செப்டம்பரில் அறுவடை முடிந்து வெறும் கட்டைப் புதர்களே வரிசையாக நின்றன. பூக்கும் காலத்தை விளம்பரத்திலேயே அச்சிட்டால், எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் அன்று அடைந்த ஏமாற்றம் மற்றவர்களுக்கு நேராது.

தங்கள் நாளிதழின் பயணக் கட்டுரைகளை நம்பியே பல குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு வெளிநாடு செல்கின்றன. ஆகவே, சேன்த் குருவா ஏரியைப் பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட்டு, லே சால் என்ற பெயரையும் அதில் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். நான் வாங்கிவந்த அஞ்சலட்டையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருப்பின் ஏரியின் படத்துக்குப் பக்கத்தில் அதையும் வெளியிடலாம். மணிக்கூண்டுக்கு இடப்புறம் இரண்டாவது வீட்டின் வாசலில் ஒரு பெண் நிற்பது மங்கலாகத் தெரியும். படத்தைச் சிறிதாக்கும்போது அது மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு அச்சுப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்.