பூனையையும் எலியையும் அவர்கள் பாட்டுக்கு விடுங்கள்

மதிப்பிற்குரிய குழந்தைகள் சேனல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டாம் அண்ட் ஜெர்ரி படங்களின் மேல் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும் குரலைப் பற்றி உங்களுக்குப் பலரும் எழுதியிருப்பார்கள். நானும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துச் சொன்னேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். குரல் மட்டும் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளில் யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டாதது இது ஒன்றுதான். டாமின் தலையில் இரும்புச் சட்டி விழுந்தால் எல்லாருக்கும் ஒரே நொடியில் புரியும், அவனும் சேர்ந்து சிரிப்பான். பல நேரம் மற்றவர்களுக்கு முன்பே சிரித்துவிடுவான். அந்த அறையில் படத்தை அவ்வளவு கூர்ந்து பார்க்கிறவன் அவன்தான்.

அன்று நீங்கள் போட்டது ‘தி கேட் கன்சர்ட்டோ’. டாம் வால்கோட்டு அணிந்து மேடைக்கு வந்து பியானோ வாசிக்கும். உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி விழித்துக்கொண்டு கச்சேரியைக் கெடுக்கப் பார்க்கும். தொடக்கத்தில் டாம் அமைதியாக வாசிக்கிறது, அவ்வளவுதான், சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் குரல்காரர் ஒரு சினிமா பஞ்ச் வசனத்தைச் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவன் திரையைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், பக்கத்தில் இருந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்து என்ன என்று சைகையில் கேட்டான். அவள் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வசனம், அடுத்த சிரிப்பு. அதற்கப்புறம் அவன் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான், எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. பியானோ கட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜெர்ரி எலிப்பொறியை வைத்து, டாமின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும் காட்சி வந்தபோது அவன் கண் திரையில் இல்லை. படத்தின் உண்மையான நகைச்சுவை அங்கேதான் இருந்தது. பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டான்.

எனவே என் கோரிக்கை இதுதான்: இந்தப் படங்களை அவற்றின் சொந்த ஒலியோடு, மேலே யாரும் பேசாமல், முழுதாக ஒளிபரப்புங்கள்.

நீங்கள் எதன் மேல் பேசுகிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940இலிருந்து 1958 வரை ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் எடுத்தார்கள். அவற்றில் 7 படங்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது, இந்தப் பியானோ படத்துக்கும்தான். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம் ஓடும். பூனை ஓடுவதும் மோதுவதும் விழுவதும் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியின் இசைக்குழுவோடு அடிக்கு அடி ஒத்துப்போகும். டாம் அடிபட்டு அலறும் அந்தப் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவே தன் தொண்டையிலிருந்து கொடுத்தது. உங்கள் சேனலில் அந்த அலறல் கேட்பதில்லை, அதன் மேல் ஒருவர் “ஐயோ அம்மா” என்கிறார்.

பியானோ படத்தில் கேட்பது இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய ‘இரண்டாம் ஹங்கேரிய ராப்சோடி’ என்ற பியானோ இசை. டாமின் விரல்கள் கட்டைகளில் ஓடும் விதம் கேட்கும் இசையோடு வியக்கத்தக்க அளவு பொருந்திப்போகும். வரைந்தவர்கள் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். சீனப் பியானோ கலைஞர் லாங் லாங், தான் பியானோவின் பக்கம் திரும்பியதே சின்ன வயதில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் ஒரு பிள்ளை இன்று அதே படத்தைப் பார்த்தால் அந்த இசை அவன் காதில் விழுமா? காது கேட்கும் பிள்ளையிடமிருந்து இசையைப் பறிக்கிறீர்கள், கேட்காத பிள்ளையிடமிருந்து சிரிப்பைப் பறிக்கிறீர்கள். ஒரே குரலால் இரண்டும் நடக்கிறது.

தமிழ் டப்பிங்குக்கு நான் எதிரி இல்லை. பேசும் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் நம் கலைஞர்கள் அருமையாகச் செய்கிறார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். பழைய படங்களில் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகளை வெட்டுவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேசாமலே எல்லாம் புரியும்படி எடுத்த படத்துக்கு எதற்கு விளக்கம்? ரிமோட்டில் மொழியை மாற்றியும் பார்த்தேன். எந்த மொழிக்குப் போனாலும் அங்கே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். மொபைலில் பார்த்துக்கொள்ளலாமே என்று அழைப்பில் பேசியவர் சொன்னார். மொபைலில் அவன் தனியாகப் பார்க்கலாம்தான். தனியாகப் பார்ப்பதற்கு அவனுக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிப்பதற்கு இருந்தது இது ஒன்றுதான்.

இதோடு அந்த விளம்பரப் பட்டையையும் சொல்லியாக வேண்டும். திரையின் அடியில் கால்வாசியை மறைத்துக்கொண்டு அது ஓடுகிறது. எலி ஓடுவது தரையில். பொந்து இருப்பது சுவரின் அடியில். ஜெர்ரி என்ன செய்கிறது என்று தெரியாமலே டாம் அடிவாங்குவதை மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ஏழு நிமிடப் படத்தை நடுவில் உடைத்து விளம்பரம், திரும்பி வரும்போது ஒரு காட்சியே காணோம். குழந்தைகள் பார்க்கிற நேரத்தில் பெரியவர்களின் சீரியலுக்கு முன்னோட்டம் வேறு. மாதா மாதம் கட்டணம் கட்டுகிற எங்களை யாராவது ஒருநாள் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்களா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதவர்கள் சைகை மொழியோடோ சப்டைட்டிலோடோ தொலைக்காட்சி பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது. இந்த வீட்டில் எந்தக் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் தமிழ் சப்டைட்டிலை நான் பார்த்ததில்லை, சைகை மொழியையும் பார்த்ததில்லை. அதற்காகத் தனியாகப் போராட வேண்டும், போராடுவோம். இங்கே நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. இந்தப் படங்களுக்குச் சப்டைட்டில் வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஒரு ரூபாய்ச் செலவும் வேண்டாம். எடுத்தவர்கள் 80 வருடத்துக்கு முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டார்கள். நீங்கள் மேலே போட்டிருப்பதை எடுத்தால் போதும்.

கோபத்தில் எழுதியது சில இடங்களில் கடுமையாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சோடு பார்ப்பது பிடித்த பிள்ளைகளும் இருப்பார்கள் என்று தெரியும். அதனால் நாள் முழுதும் மாற்றச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம், ஹன்னா–பார்பெரா காலத்துப் படங்கள் மூன்று, சொந்த இசையோடு, மேல்குரல் இல்லாமல், அடிப்பட்டை இல்லாமல், நடுவில் உடைக்காமல். விளம்பரங்களைப் படத்துக்கும் படத்துக்கும் இடையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வாரத்திலிருந்து தொடங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே திரையில் எழுத்தில் அறிவித்தால், அவன் தானே படித்துத் தெரிந்துகொள்வான். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சேனலுக்குக் கட்டணம் கட்டும் ஒரு சித்தி,
திருச்சி