பழைய ஜெனரேட்டரின் 14 வோல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நேரம் இது. கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு என்று எல்லாம் விசாரிக்கும் பெற்றோர் 'லேப் எப்படி?' என்று கேட்பதில்லை. மின் இயந்திர ஆய்வகத்தில் 25 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

டி.சி. ஜெனரேட்டரின் ஃபீல்டுக்கு, அதாவது காந்தத்தை உண்டாக்கும் சுருளுக்கு, மின்சாரமே கொடுக்காமல் சுற்றவிட்டாலும் வோல்ட்மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்காது. இரும்பில் மிச்சம் தங்கிய காந்தத்தால் சில வோல்ட் காட்டும். அந்த முள் அசையும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு வருடம் அந்த ஜெனரேட்டரை மாற்றினோம். புதியது காட்டியது 8 வோல்ட். ஆனால் திருத்த வந்த ரெக்கார்டு நோட்டுகளில் பாதிக்கு மேல் பழைய இயந்திரத்தின் 14 வோல்ட்தான் இருந்தது. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது. கிராஃப் அவ்வளவு அழகு. மதிப்பெண்ணும் போட்டார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அளப்பதில் தொடங்கிய படிப்பில், அளக்காததை எழுதிக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு மேஜைக்கு 6 பேர். ஒருவர் ஒயர் மாட்டுவார், ஒருவர் ரீடிங் எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஃபியூஸ் போனால் திட்டு விழும். அதற்குப் பயந்து இணைப்பை நாங்களே கொடுத்து வைத்துவிடுவோம். அது எங்கள் தவறு. ஷன்ட் மோட்டார் என்ற டி.சி. மோட்டாரைக் கிளப்பும் முன், ஃபீல்டு சுருளோடு சேர்ந்த ரியோஸ்டாட் (மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைந்த அளவில் இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர் மறந்துவிடுவார். பக்கத்தில் நாங்கள் நிற்க, அதைக் கூட்டி வைத்துக் கிளப்பி, வேகம் எகிறுவதைக் கேட்டுப் பதறி சுவிட்சை அணைத்தவர் மறக்கவே மாட்டார்.

கொரோனா காலத்தில் கணினித் திரையில் சோதனை செய்தார்கள். அன்றைக்கு அது கைகொடுத்தது, சரி. ஆனால் லூஸ் கனெக்‌ஷனைத் தேடிப் பிடிக்கும் வேலை அதில் இல்லை. சுருள் சூடாகும் வாசனையும் வராது.

செய்முறைத் தேர்வில் ரெக்கார்டுக்கான மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஒரு ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, 'மோட்டார் ஏன் ஓடவில்லை, பார்' என்று கேளுங்கள். மேஜைக்கு இரண்டு பேர் போதும். அதற்குத் தேவையான இயந்திரங்களையும் ஆய்வக உதவியாளர்களையும் தந்த பிறகே கல்லூரிகளுக்கு இடங்களைக் கூட்டித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
திருநெல்வேலி