பழைய கணினியின் ‘தகுதி’ குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததிலிருந்து, பழைய கணினி வைத்திருப்போர் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பது போன்ற பேச்சு எங்கும் கேட்கிறது. விண்டோஸ் 11-க்குரிய தேவைகளை இந்தக் கணினி நிறைவு செய்யவில்லை என்று திரையில் தோன்றும் ஒற்றை வரியைப் பலரும் இறுதித் தீர்ப்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் இருப்பது பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய அமைப்பாகவும் இருக்கலாம், எவராலும் மாற்ற முடியாத வன்பொருள் குறையாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமலே நல்ல கணினிகள் ஒதுக்கப்படுவதுதான் என் வருத்தம்.

பலரைத் தடுத்து நிறுத்துவது டிபிஎம் 2.0 என்ற நிபந்தனை. குறியாக்கத்துக்கான சாவிகளை மற்ற மென்பொருள்களின் கைக்கு எட்டாதபடி தனியே வைத்துக் காப்பது டிபிஎம்மின் வேலை. அது மதர்போர்டில் தனிச் சில்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே இருப்பதுண்டு; கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதால் இல்லாதது போலத் தெரிகிறது, அவ்வளவே. விண்டோஸின் ‘ரன்’ பெட்டியில் tpm.msc என்று தட்டினால், அது இயங்குகிறதா, எந்தப் பதிப்பு என்பது தெரிந்துவிடும்.

மற்றொரு நிபந்தனையான செக்யூர் பூட் இவ்வளவு எளிதன்று. கையொப்பமில்லாத நிரல் எதுவும் கணினி தொடங்கும்போதே நுழைந்துவிடாமல் தடுக்கும் இந்த ஏற்பாடு யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில்தான் செயல்படும். பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட வட்டோ எம்பிஆர் என்ற பழைய வகையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றியாக வேண்டும். என் கணினியில் இந்த வரிசையை அறியாமல், முதலில் பயாஸுக்குள் சென்று சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை அணைத்துவிட்டேன். மறுமுறை தொடங்கியபோது வட்டே இல்லை என்பது போல நின்றுவிட்டது. எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் கலங்கிய பிறகே, அந்த அமைப்பை மீண்டும் இயக்கினால் பழைய நிலை திரும்பிவிடும் என்பது புரிந்தது. விண்டோஸ் 10-உடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமல் வட்டை மாற்றித் தருகிறது. அதில் முதலில் சோதனை மட்டும் செய்து பார்க்கவும் வழியுண்டு. ஆயினும் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்காமல் இதைத் தொடுவது விவேகமாகாது. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினியாயின், அதை இடைநிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் செல்வதே முறை.

இவை இரண்டையும் தாண்டிய பிறகும் பிராசசர் தடுத்தால் செய்வதற்கு ஏதுமில்லை. இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதலும் மட்டுமே மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் நம்பத்தகாத நிரல் ஓடாமல் காக்கும் நினைவகப் பாதுகாப்பை வேகம் குறையாமல் நடத்த, எம்பெக் என்ற வசதி பிராசசரிலேயே இருக்க வேண்டும் என்பது இதற்கு ஒரு நியாயமாகக் கூறப்படுகிறது. ஆனால் அந்த வசதி இன்டெலின் 7-ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. அத்தலைமுறையில் மிகச் சில பிராசசர்களுக்கே அனுமதி கிடைத்தது. அனுமதி பெற்ற ரைசன் 2000 வரிசையிலோ அதற்கு இணையான வசதி இல்லை. பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால் இந்தக் கோடு இங்கே விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதற்காக, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தியோ நிறுவல் பென்டிரைவை மாற்றியமைத்தோ சோதனையை ஏமாற்றும் வழிகளை நான் பரிந்துரைக்கவில்லை. அவ்வாறு நிறுவிய கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று அந்நிறுவனமே கூறியுள்ளது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் தொடங்கவே மறுக்கிறது. பாதுகாப்புக்காக இயங்குதளத்தை மாற்றப் போய்ப் பாதுகாப்பையே இழப்பதில் என்ன பயன்? பிராசசரால் மட்டும் தடைபட்டவர்கள், வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்ட, விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்புத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அந்த அவகாசத்தில் விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸின் வழங்கல் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். உலாவி, மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு ஆகியவற்றோடு நிற்பவர்களுக்கு அது போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்குப் போதாது.

2021-இல் மைக்ரோசாஃப்ட் முதலில் வெளியிட்ட சோதனைச் செயலி காரணம் எதையும் சொல்லாமல் ‘முடியாது’ என்று மட்டும் கூறியது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டு, காரணங்களைக் காட்டும் வகையில் மீண்டும் வந்தது. தங்கள் நாளிதழில் இனி இது பற்றி வெளியாகும் செய்திகளிலும் டிபிஎம், செக்யூர் பூட், பிராசசர் ஆகியவற்றுள் எது தடுக்கிறது என்பதைக் கண்டறியும் முறையைத் தனித்தனியே விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்